கல்முனையிலிருந்து கோமாரிக்கு: இருவர் செல்லும் வழி

'செலவு' என்னும் சொல் இன்று கைப்பணம் கரைவதையே நமக்கு நினைவூட்டுகின்றது. பழந்தமிழில் அது பயணத்தைக் குறித்த சொல். அகப்பாடல்களில் வரும் செலவு பெரும்பாலும் ஆடவனுடைய செலவாகும். பொருள் தேடித் தலைவன் பாலை வழியே தனித்துப் போவான். தலைவி இல்லிலிருந்து நாள்களை எண்ணுவாள். இருவரும் சேர்ந்து வழிநடப்பது உடன்போக்கிலேதான். அதுவும் ஊரார்க்கு மறைந்து போவது. மக்களை வளர்த்து ஆளாக்கிய பின்னர், ஒரு கணவனும் மனைவியும் யாதோர் அலுவலுமின்றி, நாடு பார்ப்பதற்கென்றே புறப்படும் பயணத்தைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. இன்று அதைப் பற்றிச் சிறிது பேசுவோம்.

இலங்கையின் கீழ்க்கரையிலே அத்தகைய பயணத்திற்குப் பொருந்திய வழி ஒன்று உண்டு. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை வழியாக வந்து, பொத்துவிலில் வடக்கே திரும்பி, மட்டக்களப்பிற் சென்று முடிவது ஏ 4 நெடுஞ்சாலை. அதில் கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 70 கிலோமீற்றர். பஸ்வண்டி இரண்டு மணி நேரமளவில் கடந்துவிடும் இத்தூரத்திற்கு ஒரு முழுப்பகலை ஒதுக்குங்கள் என்பதே இப்பேச்சின் வேண்டுகோள். நம் நாட்டு வழக்கில் 'ஆறுதலாக' என்றால் மெதுவாக என்பதும் பொருள். ஆறுதலாகச் செல்வோர்க்கு, நானிலமும் பாலையும் அடுத்தடுத்து வருவதை ஒரே பகலிற் காணும் பேறு கிட்டும்.

முதற்பகுதி மருதம். கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்கள் ஒன்றோடொன்று தொடுத்தாற்போல நெருங்கி நிற்கின்றன. பள்ளிவாசலின் பாங்கொலியும் கோவிலின் மணியோசையும் மாறி மாறிக் காதில் விழும். 'யாழ் நூல்' தந்த விபுலாநந்த அடிகள் 1892 ஆம் ஆண்டில் பிறந்த ஊர் காரைதீவு. இங்கே மக்கள் இவ்வளவு நெருங்கி வாழ்வதற்குக் காரணம் நீர். பட்டிப்பளை ஆறு பன்னெடுங்காலம் கொண்டுவந்து பரப்பிய வண்டலே இவ்வூர்களின் மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் விரியும் வயல்வெளி. அவ்வாற்றை மறித்து, 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின்கீழ் சேனநாயக்க சமுத்திரம் அமைக்கப்பட்டது. மாசி, பங்குனி மாதங்களிற் சென்றால் பெரும்போக அறுவடையைக் காணலாம்.

அடுத்து நெய்தல். ஒலுவிலில் வண்டியை நிறுத்திக் கடலோரம் செல்லுங்கள். கரை மணல் ஓரிடத்தில் நிலைத்திருப்பதன்று. அலைகளின் போக்கிற்கேற்ப அது கரையோரமாக நகர்ந்துகொண்டே இருப்பது. இங்கே 2013 இல் துறைமுகம் ஒன்று திறந்துவைக்கப்பட்டது. அதன் அலைதடுப்புச் சுவர்கள் வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்தன. மறிக்கப்பட்ட மணல் துறைமுக வாயிலை அடைத்தது. மணல் வந்து சேராமையால் வடபுறக் கரையோ அரிப்புண்டது. தென்னைகளும் தோணி இழுத்துவிடும் இடங்களும் கடலுக்கு இரையாயின. ஓடும் வண்டியிலிருந்து இதனைக் காண இயலாது. இறங்கி நடந்தாற்றான் விளங்கும்.

அக்கரைப்பற்று, தம்பிலுவில் ஆகிய ஊர்களைக் கடந்து திருக்கோவிலை அடைகின்றோம். கடலோரத்துச் சித்திர வேலாயுத சுவாமி கோவிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தம் பெயர்பெற்றது. கதிர்காமத்திற்கு நடந்து செல்லும் அடியார்களும் இவ்வழியே போவர். இதற்குத் தெற்கே நிலத்தின் முகம் மாறுகின்றது. வீடுகள் அருகுகின்றன, வயல்கள் குறுகிப் பற்றைக்காடும் மேய்ச்சல்தரையும் தொடங்குகின்றன. மாரிக்குப் பின் இந்நிலம் முல்லை. ஆனியிலும் ஆடியிலும் இதுவே பாலை. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டிற் பொழிந்துவிட்டு, வெறுங்கையோடு வெப்பத்தை மட்டும் சுமந்து இங்கு வந்து சேர்கின்றது. அதையே நம்மவர் கச்சான் காற்று என்பர். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்து பாலையாகும் என்று முன்னோர் கொண்டது இந்நிலத்திற்கு நன்கு பொருந்துவதாகும்.

குறிஞ்சிக்கு இங்கே மலைத்தொடர் இல்லையாயினும் பாறைக்குன்றுகள் உள. சங்கமன்கண்டியில், காட்டிடையே திடீரென எழும் குன்றுகளை நின்று நோக்குங்கள். இவற்றைப் புவியியலார் எச்சக்குன்றுகள் என்பர். சுற்றியிருந்த மென்மையான பகுதிகளை மழைநீர் அரித்துச் செல்ல, கடினமான பாறை எஞ்சி நின்றது. அமெரிக்காவின் தென் டக்கோட்டா மாநிலத்திலும் பரந்த புல்வெளியின் நடுவே அரிப்புண்ட நிலமொன்று உண்டு. அங்குள்ள லக்கோட்டா மக்கள் அதற்கு இட்ட பெயரின் பொருள் 'கெட்ட நிலம்' என்பது. ஆனால், அது களிமண்ணும் எரிமலைச் சாம்பலும் படிந்து உண்டான மென்பாறை. ஆண்டுக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் கரைகின்றது. நம் கிழக்கிலங்கைப் பாறைகளோ நூறு கோடி ஆண்டளவு பழமையுடைய வன்பாறைகள். மனித வாழ்நாளில் இவற்றின் தேய்வு கண்ணுக்குப் புலனாகாது. அங்கும் இங்கும் உளி ஒன்றே, அது நீர். இலங்கைப் பெருநிலத்தின் கிழக்கு அந்தமாகிய சங்கமன்கண்டி முனையும் இவ்விடத்ததே.

இனிக் கோமாரி. பொத்துவிலுக்கும் அறுகம்பைக்கும் விரைவோர் இச்சிற்றூரைச் சாளரம் வழியாகக் கண்டு கடந்துவிடுவர். ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு, இரண்டிற்கும் நடுவே வாழ்க்கை என்பதே இவ்வூரின் அமைப்பு. இக்கரையிலுள்ள களப்புகளின் வாயைக் கோடையில் அலைகள் மணலால் மூடிவிடும். மாரியில் வெள்ளம் பெருகும்போது மணல்திட்டைத் தண்ணீர் தானே உடைக்கும்; அல்லது வயல்கள் மூழ்காதபடி மக்கள் ஆற்றுவாயை வெட்டிவிடுவர். காலம் முந்தி வெட்டினால் களப்பின் நீர் வற்றி மீன்வளம் குன்றும். பிந்தினால் நெற்பயிர் அழுகும். எனவே, அந்த ஒரு வாய்க்காலில் உழவரின் வாழ்வும் மீனவரின் வாழ்வும் ஒருங்கே தங்கியுள்ளன.

இவ்வழியைக் கணவனும் மனைவியும் சேர்ந்தே காணவேண்டும் என்பதற்குத் தனிக் காரணம் உண்டு. இப்பகுதியில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் பெண்ணுக்கே வீடு சீதனமாகக் கொடுக்கப்படும் வழக்கம் நிலவுகின்றது. மணமகன்தான் மனைவியின் வீட்டிற்கு வந்து குடியேறுகின்றான். ஆகவே, ஆணுக்குத் திருமணமே ஒரு பயணம். பெண்ணோ, பெரும்பாலும், பிறந்த தெருவிலேயே பேரப்பிள்ளைகளையும் காண்கின்றாள். கலியாணவீடு, ஆசுபத்திரி, நேர்த்திக்கடன் ஆகிய இவையே அவளை ஊருக்கு வெளியே அழைத்துச் சென்றவை. இவ்வழக்கத்தின்மேற் போரும் வந்தது. கிழக்கில் 2007 இல் போர் ஓயும்வரை இவ்வீதி அச்சத்தின் வீதியாகவே இருந்தது. காவலரண்களைத் தாண்டி அவசியம் உள்ளவர்களே சென்றனர். இடையில், 2004 மார்கழி 26 இல், ஆழிப்பேரலை எழுந்தது. நாட்டிலேயே மிகுதியான உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில். பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். கோமாரியும் அப்பேரழிவிலிருந்து தப்பவில்லை. இன்று அறுபது அகவையைக் கடந்திருக்கும் தம்பதியரின் இளமையை விழுங்கிய ஆண்டுகள் அவை. எழுபது கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள ஊரைக் காணாமலே முதுமையெய்திய பெண்கள் நம்மிடையே இருப்பது வியப்பன்று.

வீதி இன்று திறந்திருக்கின்றது. மாரி ஓய்ந்தபின் புறப்படுவது நன்று. களப்புகள் நிறைந்திருக்கும், வெயிலும் கடுமையாக இராது. விடியற்காலையிற் கிளம்புங்கள். வழியில் மண்சட்டியில் விற்கும் எருமைத்தயிரை வாங்கிக்கொள்ளுங்கள். திருக்கோவிலுக்குத் தெற்கே யானைகள் வீதியைக் கடப்பதுண்டு; ஆதலின் இருட்டுமுன் பொத்துவிலை அடைந்துவிடுங்கள். மோட்டார் வண்டியோ, முச்சக்கர வண்டியோ, எதுவாயினும் அதைக் கணவர் ஓட்டுவாராயின், எங்கே நிறுத்துவது, எவ்வளவு நேரம் நிற்பது என்பவற்றை மனைவி தீர்மானிக்கட்டும்.