விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம்!

காரைக்காலில் சில பாட்டிமார்கள், "நான் உயிரோடுதான் இருக்கிறேன்" என்று பிரெஞ்சு சர்க்காருக்குச் சான்று அனுப்புகிறார்கள்.

வேடிக்கை அல்ல. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர்களுக்கும், அவர்களின் விதவைகளுக்கும் அந்த நாடு பென்சன் கொடுக்கிறது. சான்று போகாவிட்டால் பணம் நின்றுவிடும். ஊர் 1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது. பென்சன் மட்டும் கடல் கடந்து வந்துகொண்டே இருக்கிறது.

சான்று எதற்கு? செத்தவர் பெயரில் வேறு யாரும் பணம் வாங்கிவிடக் கூடாது என்பதற்காக. நம் சர்க்காரும் தன் பென்சன்காரர்களிடம் ஆண்டுதோறும் இதையேதான் கேட்கிறது. பணம் கொடுக்கிறவருக்கு இந்தக் கவலை இருப்பது நியாயம்தான்.

ஆனால் கவலை சந்தேகமாக மாறினால்? அப்போது வருகிறது ஒரு கடிதம். "இன்ன தேதியில், இன்ன மணிக்கு, ஆவணங்களுடன் நேரில் ஆஜராகவும்" என்று அதில் இருக்கும். வீட்டில் அன்று யாருக்கும் சோறு இறங்காது!

இரண்டு கார்டில் ஒரு பெயர்

காரைக்கால் ஒரு விசித்திரமான ஊர். வடக்கே தரங்கம்பாடி. தெற்கே நாகூர். இரண்டும் தமிழ்நாடு. நடுவில் இருக்கும் இந்தத் துண்டு மட்டும் புதுச்சேரி ஆட்சி. எல்லையைத் தாண்டிப் பெண் கொடுப்பதும், பெண் எடுப்பதும் இங்கே சர்வ சாதாரணம்.

கல்யாணம் ஆகிப் போன பெண்ணின் பெயரைப் பிறந்த வீட்டு ரேஷன் கார்டில் நீக்க மறந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். புகுந்த வீட்டுக் கார்டிலும் சேர்த்துவிட்டார்கள். இப்போது அவள் பெயர் இரண்டு ஆட்சிகளின் கணக்கில் இருக்கிறது! மறதியா, மோசடியா? ஆதார் எண்ணை வைத்துப் பார்க்கும் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. "இரண்டு இடத்தில் ஒரே ஆள்" என்று மட்டும் அது சொல்லும்.

சிவப்பு கார்டும் அப்படித்தான். புதுச்சேரி ஆட்சியில் சிவப்பு கார்டு ஏழைகளுக்கு. மஞ்சள் கார்டு மற்றவர்களுக்கு. மகனுக்கு சர்க்கார் வேலை கிடைத்துவிட்டது. கார்டு சிவப்பாகவே இருக்கிறது. கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி போன்ற மீனவர் ஊர்களில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகு கடலுக்குப் போகாது. அந்த நாட்களுக்கு நிவாரணப் பணம் உண்டு. அதிலும் யார் மீனவர், எது ஒரு குடும்பம் என்ற கேள்வி வரும்.

தெரிந்தே ஏமாற்றுகிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். அவர்கள் வாங்கும் ஒவ்வொரு ரூபாயும் இன்னொரு ஏழைக்குப் போகவேண்டிய ரூபாய். அவர்களுக்காக இரக்கப்பட வேண்டியதில்லை.

110 கோடி ரூபாய்!

2020-ம் ஆண்டில் தமிழ்நாடே இப்படி ஒரு மோசடியைக் கண்டு திகைத்தது.

விவசாயிக்கு ஆண்டுக்கு 6 ஆயிரம் ரூபாய் கொடுக்கும் பிரதம மந்திரி திட்டம் அது. பணம் மூன்று தவணையாக, தவணைக்கு 2 ஆயிரம் ரூபாய் வீதம், நேரே பாங்கிக் கணக்குக்கு வரும். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி முதலிய மாவட்டங்களில் திடீரென்று "விவசாயிகள்" பெருகினார்கள். ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்கள் கணக்கிலும் பணம் விழுந்தது!

எப்படி? விண்ணப்பத்தை ஏற்கும் அதிகாரிகளின் ரகசியக் குறியீடு வெளியாட்கள் கைக்குப் போய்விட்டது. கம்ப்யூட்டர் கடைகளில் உட்கார்ந்துகொண்டே பெயர்களைச் சேர்த்தார்கள். ஆதார் கொடு, பாங்கி புத்தகம் கொடு என்று வீடு தேடி வந்த தரகர்கள், அதில் கமிஷனும் பார்த்தார்கள். "கொரோனா நிவாரணம் வருகிறது" என்று சொல்லிக் காகிதங்களை வாங்கிப் போனதாகவும் அப்போது செய்திகள் வந்தன.

தகுதி இல்லாதவர்கள் சுமார் 5½ லட்சம் பேர் என்றும், போன பணம் 110 கோடி ரூபாய் என்றும் 2020 செப்டம்பரில் வேளாண்மைத் துறை அதிகாரிகள் சொன்னார்கள். சி.பி.சி.ஐ.டி. போலீசார் விசாரித்தார்கள். தரகர்கள் கைதானார்கள். ஊழியர்கள் 80 பேர் வேலையை இழந்தார்கள். 34 அதிகாரிகள் சஸ்பெண்டு ஆனார்கள். பாங்கிக் கணக்குகளில் இருந்து பணம் திரும்பப் பிடிக்கப்பட்டது.

இதில் ஒரு வேதனையும் உண்டு. அந்தத் திட்டம் நிலம் சொந்தமாக உள்ளவர்களுக்கு மட்டும்தான். காவிரிப் படுகையில் குத்தகை நிலத்தில் சேற்றில் இறங்கி நாற்று நடுகிறவர், சட்டப்படி அந்தப் பணத்துக்கு உரியவர் அல்ல! "நான்தானே உழுகிறேன்" என்று நம்பி அவர் கையெழுத்துப் போட்டிருந்தால், அது பொய்யா?

எந்தக் கடிதம்?

கடிதம் வந்தால் முதலில் பார்க்கவேண்டியது, யாரிடமிருந்து வந்திருக்கிறது என்பது. அனுப்பியது ஒரு துறை அலுவலகமா, போலீஸ் நிலையமா? இரண்டும் வெவ்வேறு.

அலுவலக விசாரணையில் கார்டு, சான்றிதழ், பாங்கி புத்தகம் எல்லாம் கேட்பார்கள். தவறு தெரிந்தால் உதவியை நிறுத்தலாம். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அங்கே ஒரு வாக்குமூலம் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். ஆபத்து இங்கேதான்! "தெரிந்தே வாங்கினேன்" என்ற ஒரு வரி அதில் இருந்தால், பின்னால் அதுவே சாட்சியாக நிற்கும். படிக்கத் தெரியாதவர், படித்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் தொட வேண்டும். நகல் ஒன்றும் கேட்கலாம்.

போலீஸ் விசாரணையில் கதை வேறு. போலீசாரிடம் சொன்னதை அவர்கள் எழுதிக்கொள்வார்கள். அதில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்று சட்டமே சொல்கிறது. போலீசாரிடம் "நான் செய்தேன்" என்று ஒப்புக்கொண்டதைக் கோர்ட்டில் குற்றத்துக்கு ருசுவாகக் காட்டவும் முடியாது.

2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த புதிய குற்ற விசாரணைச் சட்டத்தின் 179-வது பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. பெண்கள், 60 வயதைத் தாண்டிய ஆண்கள், 15 வயதுக்கு உட்பட்ட பையன்கள், உடல் ஊனமுற்றவர்கள், கடும் நோயாளிகள் ஆகியோரை விசாரிக்க, போலீசார்தான் அவர்கள் வீட்டுக்கு வர வேண்டும். அவர்களாக விருப்பப்பட்டு நிலையத்துக்குப் போனால் தடை இல்லை.

மாஜி முதல்-மந்திரியின் வழக்கு

ஒடிசாவில் முதல்-மந்திரியாக இருந்தவர் நந்தினி சத்பதி அம்மையார். பதவி போன பிறகு, 1977-ல், ஊழல் வழக்கு ஒன்றில் அவரை விசாரிக்கப் போலீஸ் நிலையத்துக்கு அழைத்தார்கள். கேள்விகளை நீளமாக எழுதியே கொடுத்தார்கள். அவர் பதில் சொல்ல மறுத்தார். "பதில் சொல்லாததே குற்றம்" என்று இன்னொரு வழக்கும் போட்டார்கள்!

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1978-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். தன்னையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்த உரிமை கோர்ட்டில் மட்டும் அல்ல, போலீஸ் விசாரணையிலேயே உண்டு. மற்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். வக்கீல் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டால் மறுக்கக் கூடாது. ஒரு பெண்ணை நிலையத்துக்கு வரவழைத்ததும் தவறு. முதல்-மந்திரிக்குச் சொன்ன இந்தச் சட்டம், மீன் கூடை சுமக்கிறவருக்கும் அதேதான்.

சந்தேகம் அளவு மீறினால் என்ன ஆகும் என்பதை நெதர்லாந்து நாடு காட்டியது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அங்கே பெற்றோருக்கு சர்க்கார் பணம் கொடுக்கிறது. ஆயிரக்கணக்கான குடும்பங்களை "மோசடிக்காரர்கள்" என்று வரி இலாகா முத்திரை குத்தியது. வாங்கிய பணம் முழுவதையும் திருப்பிக் கட்டச் சொன்னது. குடும்பங்கள் கடனில் மூழ்கின. பிறகுதான் பெரும்பாலோர் குற்றமற்றவர்கள் என்று தெரிந்தது. 2021 ஜனவரியில் மந்திரிசபையே ராஜினாமா செய்தது!

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று மலைக்கிறவர்கள் உண்டு. 1987-ம் ஆண்டுச் சட்டப்படி ஏழைகளுக்கு இலவச வக்கீல் கிடைப்பார். பெண்களுக்கு வருமானக் கணக்கே கிடையாது. யாராக இருந்தாலும் கேட்கலாம். கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம். அல்லது 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். விசாரணைக்குப் போன பிறகு அல்ல, கடிதம் வந்த அன்றைக்கே.