போர்த்துகீசர் ஜூபிலி (பிளாட்டினம்)

போர்த்துகீசர் ஜூபிலி என்பது சுவிட்சர்லாந்தின் ஐ.டபிள்யூ.சி. நிறுவனம் தனது 125ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1993இல் வெளியிட்ட கைக்கடிகாரம் ஆகும். இதன் வகை எண் 5441. எஃகில் 1,000, ரோஸ் கோல்டு எனப்படும் செந்தங்கத்தில் 500, பிளாட்டினத்தில் 250 என மொத்தம் 1,750 கடிகாரங்கள் செய்யப்பட்டன. எண்ணிக்கையில் மிகக் குறைந்தது பிளாட்டினக் கடிகாரமே. ஆயினும் சேகரிப்போர் பலரின் கண்ணில் படாமல் போவதும் அதுதான். அதற்கான காரணம் அந்த உலோகத்திலேயே இருக்கிறது.

மூலக் கடிகாரம்

ஐ.டபிள்யூ.சி. நிறுவனத்தை ரைன் ஆற்றங்கரையிலுள்ள ஷாஃப்ஹவுசன் நகரில் 1868இல் தொடங்கியவர் புளோரன்டைன் அரியோஸ்டோ ஜோன்ஸ் என்ற அமெரிக்கர். 1930களின் பிற்பகுதியில் ரோட்ரிகஸ், டெக்ஸெய்ரா என்னும் இரு போர்த்துகீசிய வணிகர்கள் இந்நிறுவனத்திடம் ஒரு கோரிக்கை வைத்தனர். கப்பல்களில் வைக்கப்படும் காலமானிக்கு நிகரான துல்லியத்துடன் ஒரு கைக்கடிகாரம் வேண்டும் என்பதே அது.

அந்நாளில் கைக்கடிகாரத்துக்கென்று செய்யப்பட்ட சிறிய இயந்திரங்களில் அத்தகைய துல்லியத்தைப் பெறுவது கடினம். உள்ளே ஊசலாடும் சக்கரம் பெரிதாக இருந்தால் சிறு அதிர்வுகள் அதன் ஓட்டத்தை எளிதில் குலைப்பதில்லை. அத்தகைய பெரிய சக்கரம் பைக் கடிகாரங்களில் இருந்தது. எனவே பைக் கடிகாரத்தின் இயந்திரத்தையே எடுத்துக் கைக்கடிகாரக் கூட்டுக்குள் பொருத்தினர். 1939இல் வெளிவந்த அந்தக் கடிகாரத்தின் வகை எண் 325.

எல்லாப் பைக் கடிகார இயந்திரமும் இதற்கு ஒத்துவராது. மேல்மூடி இல்லாத பைக் கடிகாரத்தில் சாவி கொடுக்கும் திருகு 12 மணிக்கு மேலே இருக்கும். விநாடி காட்டும் சிறு வட்டம் அதற்கு நேர் எதிரே 6 மணியில் இருக்கும். திருகு வலப்பக்கம் வருமாறு அதைத் திருப்பி வைத்தால் விநாடி வட்டம் 9 மணிக்குப் போய்விடும். மூடியுள்ள பைக் கடிகாரத்திலோ திருகு 3 மணியிலும் விநாடி வட்டம் 6 மணியிலும் இருக்கும். இந்த வகை இயந்திரமே 325இல் பயன்பட்டது. 6 மணிக்கு மேல் இருக்கும் அந்தச் சிறு வட்டம் அழகுக்காக வந்தது அன்று. இயந்திரத்தின் அமைப்பினால் வந்தது.

பெரும்பாலும் எஃகில் செய்யப்பட்ட இந்தக் கடிகாரம் அன்றைய கைகளுக்கு மிகப் பெரியது. அதனால் பல்லாண்டுகள் சிறு எண்ணிக்கையிலேயே விற்றது.

1993ஆம் ஆண்டு வெளியீடு

அப்போது நிறுவனத்தை வழிநடத்தியவர் குண்டர் புளூம்லைன். புதிய கடிகாரம் 42 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. இலை வடிவ முட்களும், தெளிவான எண்களும், 6 மணியில் விநாடி வட்டமும் பழைய கடிகாரத்தைப் பின்பற்றின. உள்ளே இருந்தது, பைக் கடிகார மரபில் வந்த 9828 என்னும், கையால் சாவி கொடுக்கும் இயந்திரம். பின்புறக் கண்ணாடி வழியே அதைப் பார்க்கலாம்.

அதே ஆண்டு விழாவுக்காக இல் டெஸ்ட்ரியரோ ஸ்கஃபூசியா என்ற மிகச் சிக்கலான கடிகாரமும் 125 எண்ணிக்கையில் வெளிவந்தது. அதன் அருகே, மணியும் விநாடியும் மட்டும் காட்டும் ஜூபிலி எளிமையாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஆனால் பின்னாளில் போர்த்துகீசர் ஒரு பெரிய வரிசையாக வளர்ந்தது இந்த எளிய கடிகாரத்தில் இருந்துதான்.

எஃகா, பிளாட்டினமா?

செந்தங்கக் கடிகாரத்தை அறையின் மறுகோடியிலிருந்தே கண்டுகொள்ளலாம். பிளாட்டினத்தை அப்படிக் காண முடியாது. எஃகும் அதுவும் வெண்மை. புகைப்படத்தில் வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடும். மூலக் கடிகாரத்தின் உலோகம் எஃகு என்பதால், பழமையை விரும்புவோர் எஃகு ஜூபிலியையே நாடுவதும் உண்டு.

கையில் எடுத்தால் கதை வேறு. எஃகின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 8 கிராம். தூய பிளாட்டினத்தின் அடர்த்தி 21.45 கிராம். ஒரே அளவுள்ள இரு கடிகாரங்களையும் இரு கைகளில் வைத்தால் தராசு தேவைப்படாது.

உறுதியான அடையாளம் முத்திரை. சுவிஸ் நாட்டில் 1995 முதல் எல்லா விலைமதிப்புள்ள உலோகங்களுக்கும் செயின்ட் பெர்னார்டு நாயின் தலை பொறிக்கப்படுகிறது. அதற்கு முன் பிளாட்டினத்துக்குரிய முத்திரை, ஐபெக்ஸ் என்னும் மலையாட்டின் தலை. கூட்டில் உள்ள தூய்மை எண் 950 ஆயின், ஆயிரத்தில் 950 பங்கு பிளாட்டினம் என்று பொருள்.

வாங்குவோர் அடுத்துப் பார்க்க வேண்டியது கூட்டின் விளிம்புகளை. பிளாட்டினத்தில் கீறல் விழும்போது உலோகம் பெரும்பாலும் உதிர்வதில்லை. பள்ளத்தின் ஓரத்துக்கு ஒதுங்குகிறது. அதைப் பக்குவமாகத் தேய்த்து ஓரளவு சமன்செய்யலாம். எஃகு என்று எண்ணி மெருகுச் சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால் ஒதுங்கிய உலோகமும் போய்விடும். வார் மாட்டும் நான்கு முனைகளின் கூர்மையும் மழுங்கும். இழந்த வடிவத்தை மீட்பது கடினம். சிறு கீறல்களோடு இருப்பதே, பளபளவென்று மெருகேற்றியதைவிட மேல்.

வார்க் கொக்கியையும் கவனிக்க வேண்டும். தோல் வார் தேய்ந்து மாற்றப்படும்போது கொக்கியும் அதனுடன் போய்விடுவது வழக்கம். உண்மையான பிளாட்டினக் கொக்கி உடன் இருந்தால், முந்தைய உரிமையாளர் தம்மிடம் இருப்பது என்னவென்று அறிந்திருந்தார் என்று கொள்ளலாம்.

2015 முதல் பிளாட்டினத்தின் விலை தங்கத்தைவிடக் கீழே இருக்கிறது. ஆகவே உலோக மதிப்பை மட்டும் பார்ப்பவருக்குச் செந்தங்க ஜூபிலியே மேலாகத் தோன்றக்கூடும்.

விற்பனை விவரத்தில் "பிளாட்டினம், 250இல் ஒன்று" என்று மட்டும் இருந்தால் போதாது. 2000ஆம் ஆண்டில் வந்த 5000 வகை எண்ணுள்ள தானியங்கி போர்த்துகீசருக்கும் எஃகில் 1,000, செந்தங்கத்தில் 500, பிளாட்டினத்தில் 250 என்ற அதே எண்ணிக்கையே வைக்கப்பட்டது. அதன் இயந்திரம் முற்றிலும் வேறு. முகப்பில் 3 மணி அருகே இருப்புச் சக்தியைக் காட்டும் வட்டமும், 9 மணி அருகே விநாடி வட்டமும் இருந்தால் அது ஜூபிலி அன்று.