வாத்துக்குத் தெரியாத படகு

சில்கா ஏரியின் வடகரையில் உள்ள மங்களாஜோடி, ஒரு காலத்தில் நீர்ப்பறவை வேட்டைக்குப் பெயர்போன கிராமம். வேட்டையாடியவர்களிலேயே பலர் இன்று பறவைகளின் காவலர்கள். படகோட்டி வழிகாட்டிப் பிழைக்கிறார்கள்.

அங்கே எனக்குப் பழக்கமான ஒருவர் படகுக்குப் பளபளக்கும் நீலப் பெயிண்ட் அடித்துவிட்டு, "பறவை கிட்டே விடவில்லை, ஸார்" என்று வருந்தினார். பிழைப்பாயிற்றே!

ரயில் பாலங்களுக்கு வர்ணம் பூச வைத்தவன் சும்மா இருப்பேனா? பளபளப்புதான் முதல் எதிரி. உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்தோம். பளபளக்காத மேட் பெயிண்டில் முதலில் சேற்றுப் பழுப்பு. காய்ந்ததும் நாணல் தட்டைகளைப் பக்கவாட்டில் செங்குத்தாக வைத்து, பழைய ஸ்பாஞ்சால் வைக்கோல் நிறத்தையும் பாசிப் பச்சையையும் ஒற்றினோம். கோடுகள் விளிம்பையும் தாண்டி ஓடினால்தான் படகின் வடிவம் கலையும். மூன்று சிறு டப்பாக்களோடு செலவு முடிந்தது.

ஜனவரியில் போனோம். ஊசிவால் வாத்துகள் அருகிலேயே மேய்ந்தன. அவர் கழியை அசைக்கவேயில்லை. வர்ணம் எதுவானாலும் அசைவு காட்டிக்கொடுத்துவிடும்.

"அப்பா காலத்தில் பிடிப்பதற்காக ஒளிந்தோம், ஸார்" என்றார் மெதுவாக. "இப்போது காட்டுவதற்காக ஒளிகிறோம்."