கடைசல் மரத்தில் அரக்கு வண்ணம்

விக்ரோலியில் நம்மவர் இல்லங்கள் சிலவற்றில், ஊரிலிருந்து வந்த அம்பாசமுத்திரத்து மரச்சொப்புகள் இருக்கக்கூடும். அவற்றின் பளபளப்பு தூரிகையால் வந்ததன்று.

இதே அரக்கு வேலைக்குப் பெயர்பெற்ற கருநாடகத்துச் சென்னபட்டணத்தில், வெட்பாலை மரத்தை மாதக்கணக்கில் உலர்த்திக் கடைகின்றனர். ஈரம் எஞ்சினால் மரம் பின்னர்ச் சுருங்கி, மேற்பூச்சு வெடித்துவிடும். கடைந்த பொருள் சுழலும்போதே வண்ணங்கலந்த அரக்குக் குச்சியை அதன்மீது அழுத்துவர். உராய்வு வெப்பத்தில் அரக்கு உருகிப் படியும். பின், தாழை ஓலையால் தேய்க்க மெருகேறும். எத்துணை எளிய கருவி!

குழந்தைகள் எதையும் வாயில் வைப்பர். அரக்கு, பூச்சி தரும் பிசின்; அதில் மஞ்சள் முதலிய தாவரச் சாயம் சேர்ந்ததாயின் அச்சமில்லை. ஈயங்கலந்த எனாமல் பூச்சோ உதிர்ந்து உடலிற் சேரும். ஆகவே வாங்குமுன் எவ்வண்ணமெனக் கேட்டறிதல் வேண்டும். சொப்புகளை வெந்நீரில் கழுவலாகாது, அரக்கு இளகிவிடும்.