வண்டியே வீடு, வழியே அரங்கு

கலை ஓரிடத்தில் நின்று வளர்வதும் உண்டு. ஊர் ஊராய் நடந்து வளர்வதும் உண்டு. விருத்தாசலத்தை அறிந்த நமக்கு முன்னது பழக்கமானது. பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகமும் அமைந்த ஊர் இது. பீங்கான் மண் 1,200 பாகை செல்சியஸ் அளவிலான வெப்பத்தை வேண்டுவது. அவ்வெப்பத்தைத் தாங்கும் சூளையைத் தூக்கிக்கொண்டு எவரும் பயணம் போக இயலாது. ஆகவே பொம்மையும் கோப்பையும் வெளியூர் செல்ல, அவற்றைச் செய்யும் கை இங்கேயே தங்கிவிடுகிறது.

இதற்கு நேர்மாறான வாழ்க்கையும் உலகில் உண்டு. அங்கே கலைஞனே பயணம் போகிறான். வீடும் பட்டறையும் அரங்கும் அவனுடன் செல்கின்றன. அமெரிக்க நாட்டில், காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் வீட்டு வண்டிகள் 1930-களில் பெருகின. ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தார் 1936-இல் வெளியிட்ட ‘கிளிப்பர்’ என்னும் அலுமினிய வண்டி அவற்றுள் புகழ்பெற்றது. உறங்கவும் சமைக்கவும் இடம் கொண்ட இத்தகைய வண்டிகளில் வாழ்ந்தவாறே ஓவியம் தீட்டியும் கைவினைப் பொருள் செய்தும் சந்தைதோறும் விற்போர் இன்றும் அங்கு உளர். இதனை முற்றிலும் புதுமை என்று வியப்போர் நம் பழைய இலக்கியத்தைச் சற்றே புரட்டிப் பார்த்தல் நலம்.

உமணர் வண்டியும் கூத்தர் பையும்

பத்துப்பாட்டுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, கடியலூர் உருத்திரங்கண்ணனாரால் பாடப்பெற்றது. 500 அடிகளை உடையது. அதில் வரும் உப்பு வணிகரின் வண்டி ஓடும் வீடாகவே காட்சி தருகிறது. மேலே கூரை வேயப்பட்டுள்ளது. கோழி அடைவதற்குக் கூடு இருக்கிறது. சிறிய உரல் ஒன்று தொங்குகிறது. காடி வைத்த கலம் கயிற்றால் பிணிக்கப்பட்டுள்ளது. கைக்குழந்தையை உடைய பெண்ணொருத்தி எருதுகளை ஓட்டுகிறாள். கயிற்றால் பிணித்த அக்கலத்திற்குப் புலவர் கூறும் உவமை எண்ணத்தக்கது: ஆடுகளத்தில் நாடக மகளிர் எடுத்த, வாரால் இறுகக் கட்டிய இசைக்கருவி போல் அது இருந்ததாம். வண்டி வீட்டைப் பாட வந்த புலவருக்கு, வழியில் வாழும் மற்றோர் இனத்தாராகிய கலைஞரின் நினைவு உடனே எழுந்தது போலும்.

அக்கலைஞரின் பயணத்தை மலைபடுகடாம் விரித்துரைக்கிறது. 583 அடிகளை உடைய இந்நூலுக்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயர் உண்டு. முழவு, ஆகுளி, பாண்டில், தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை முதலிய கருவிகளைக் கூத்தர் பைகளில் இட்டு, இருபுறமும் எடை ஒத்திருக்கும்படி காவித் தோளில் சுமந்தனர். அச்சுமைக்குப் பலாவின் காய்க்கொத்து உவமையாகிறது. நெடுவழி நடப்பவன் சுமையின் சமநிலையைக் காக்க வேண்டும் என்னும் அனுபவ அறிவு இவ்வடிகளில் பொதிந்துள்ளது.

பரிசில் பெற்ற கலைஞன் பெறாத கலைஞனை வழிப்படுத்துவதே ஆற்றுப்படை. அதனைப் புரவலனின் புகழ்ப்பாட்டாக மட்டும் கருதுதல் போதாது. எவ்வழியில் பன்றிக்கு வைத்த பொறி உள்ளது, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு எங்கே ஒதுங்க வேண்டும், எந்தப் பாறை வழுக்கும், எந்தக் குடியினர் என்ன உணவு தருவர் என்பன எல்லாம் அதில் கூறப்படுகின்றன. செங்கண்மாவின் தலைவன் நன்னனை அடையுமுன், கூத்தர் குடும்பம் பல ஊர்களின் விருந்தோம்பலால் உயிர் தரிக்க வேண்டியிருந்தது. அரசன் ஈந்தது பரிசில். வழியில் இருந்த எளிய மக்கள் ஈந்ததோ அன்றாட வாழ்வு.

சுமையே வடிவம்

வழிக்கலையின் உருவத்தை அதன் எடையே தீர்மானிக்கிறது. தோற்பாவைக் கூத்தை எடுத்துக்கொள்வோம். ஆட்டுத்தோலை ஊறவைத்து, மயிர் நீக்கி, உலர்த்தி, உருவம் வெட்டித் துளையிட்டு வண்ணம் தீட்டுவர். பாவைகள் தட்டையானவை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இராமாயணத்தின் மாந்தர் அனைவரும் ஒரு பெட்டிக்குள் அடங்குவர். ஒரு திரையும் ஒரு விளக்கும் உடனிருந்தால் எந்த ஊரின் திடலும் இலங்கையாகும். தலைமைக் கலைஞரே பல மாந்தர்க்கும் குரல் மாற்றிப் பேச, குடும்பத்தார் இசைத்தும் பாவைகளை எடுத்துக் கொடுத்தும் துணைநிற்பர். குமரி மாவட்டத்துத் தோற்பாவைக் குடும்பங்கள் வீட்டில் மராத்தியும் திரையின்முன் தமிழும் பேசுவது, பயணம் ஒரு கலைக்கு அளித்த இருமொழிச் செல்வமாகும்.

நம் பகுதிக்கு உரிய தெருக்கூத்திலும் இதனைக் காணலாம். முடியும் புயக்கட்டையும் எடை குறைந்த மரத்தால் செய்யப்பட்டுக் கண்ணாடித் துண்டுகளால் ஒளியூட்டப்பெறுவன. அன்று மாட்டு வண்டியில் ஏறிய கூத்துப்பெட்டி இன்று வேனில் ஏறுகிறது. தாயிரா என்னும் ஒற்றைக் கருவியைக் கையில் ஏந்தி, குணங்குடி மஸ்தான் சாகிபு பாடல்களை ஊர்தோறும் பாடிச் சென்ற பக்கீர்மார்களையும் இவ்வரிசையில் வைத்து எண்ணுதல் தகும். மண்கலையும் சிற்சில வேளைகளில் நடந்ததுண்டு: ஐயனார் கோயிலுக்குரிய பெருங்குதிரைகளை ஊரிலிருந்து தூக்கிச் செல்ல இயலாதபோது, வேளார் கோயிலருகே சென்று தங்கி, அங்கேயே குதிரையை வனைந்து, அதனைச் சுற்றிச் சூளை மூட்டிச் சுட்டனர்.

இயந்திரக் கலையும் முதலில் வழியில்தான் வாழ்ந்தது. திருச்சியில் இரயில்வே ஊழியராய் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டுபான்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கினார். கூடாரத்தையும் கருவியையும் சுமந்து நாடெங்கும் சென்று மக்களுக்குச் சலனப்படத்தை அறிமுகம் செய்தார். பின்னர்க் கோயம்புத்தூரில் 1914-இல் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கை எழுப்பினார். கூடாரம் கட்டடமாயிற்று, பார்ப்பவர் கலையைத் தேடி வரும் காலம் தோன்றியது. அதன்பின் திரைப்படமும் தொலைக்காட்சியும் பரவப் பரவ, வழிக்கலைஞர்க்கு இரவுகள் குறைந்தன.

இறங்க ஓர் இடம்

விரும்பி வழியை வீடாக்கிக் கொள்பவர்க்கும், பிழைப்பின் பொருட்டு வழியிலேயே வாழ்பவர்க்கும் வேறுபாடு உண்டு. முன்னவர் விரும்பும்போது திரும்ப ஒரு முகவரி இருக்கும். பின்னவர்க்கோ, முகவரி இல்லாமையே பெருந்துன்பம். கலைஞர் நாடோடி எனப்படுகிறார்; அவர்தம் குழந்தை எந்தப் பள்ளியின் பதிவேட்டில் இடம்பெறுவது?

இவ்வினாவுக்குச் சட்டம் ஓரளவு விடை தந்துள்ளது. 2009-ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, இடம்பெயரும் குடும்பங்களின் குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பதனை உள்ளாட்சி அமைப்பின் கடமையாக்குகிறது. வயதுச் சான்று இல்லை என்னும் காரணத்தால் சேர்க்கையை மறுக்கலாகாது என்று 14-ஆம் பிரிவு கூறுகிறது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கெனத் தமிழ்நாட்டில் நல வாரியமும் உண்டு. 2020 முதல் குடும்ப அட்டையைப் பிற ஊர்களிலும் பயன்படுத்தும் முறை தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்துள்ளது. எனினும், இவற்றை அறியாதவர்க்கு இவை இருந்தும் இல்லாதனவே.

ஆகவே இன்றைய ஆற்றுப்படை ஒன்று தேவைப்படுகிறது. அன்று கலைஞன் கலைஞனுக்கு வழி கூறினான். இன்று கற்றவர் அவனுக்கு வழி கூற வேண்டும். சென்னை, திருச்சி, சேலம், கடலூர் ஆகிய நான்கு திசைக்கும் இருப்புப்பாதை பிரியும் சந்திப்பு விருத்தாசலம். வழிப்போக்கரை அறியாத ஊரன்று. இங்கு வந்து இறங்கும் ஒரு குழுவுக்குத் திடலும் தண்ணீரும் கிடைக்கச் செய்வது ஊர்ப் பெரியோர் செய்யத்தக்கது. அவர்தம் குழந்தையை, தங்கும் சில கிழமைகளுக்கேனும், வகுப்பில் அமர்த்துவது ஆசிரியர் செய்யத்தக்கது. நல வாரிய விண்ணப்பத்தை நிரப்பித் தருவதும், அவர்கள் வந்த வழியையும் பாடும் கதைகளையும் கேட்டு எழுதி வைப்பதும் தமிழ் பயிலும் மாணவர் செய்யத்தக்கன.

சூளைக்கு நிலம் வேண்டும். வண்டிக்கு வழி வேண்டும். வழி நெடுக வரவேற்கும் ஊர்களும் வேண்டும். அவ்வூர்களுள் ஒன்றாய் நம் ஊர் விளங்குமாயின், வண்டியில் வந்த கலை மறுமுறையும் இவ்வழி வரும்.