பிறந்த ஆற்றைத் தேடிவரும் சால்மன்

கடலில் உண்டு கொழுத்த மீன், முட்டையிடுவதற்கென்றே உணவைத் துறந்து, ஓடும் ஆற்றை எதிர்த்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீந்திச் செல்கிறது என்றால் நம்புவது அரிதே. கனடாவின் மேற்குக் கரையில் பசிபிக் பெருங்கடலில் கலக்கும் பிரேசர் ஆற்றில் இது நிகழ்கிறது. அதன் நீர்த்தொகுதியைச் சார்ந்த ஆடம்ஸ் ஆற்றுக்கு வரும் ‘சாக்கை’ என்னும் சால்மன் இனத்தை ஈண்டு நாம் நோக்குவோம்.

கடலில் வெள்ளியென மின்னிய உடல், ஆற்றில் ஏறியபின் சிவக்கிறது, தலை பச்சையாகிறது. ஆண்மீனின் தாடை கொக்கிபோல் வளைகிறது. உடலிற் சேர்த்த கொழுப்பே அவற்றுக்கு வழிச்செலவு! பிறந்த ஆற்றை அவை மணத்தால் அறிகின்றன. குஞ்சுப் பருவத்தில் நுகர்ந்த நீரின் மணம் நினைவில் பதிவதை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஆர்தர் ஹாஸ்லரும் அவர்தம் மாணவரும் ஆய்ந்து காட்டினர்.

உரிய இடத்தை அடைந்ததும் பெண்மீன் ஒருக்களித்து, வாலால் அடித்துச் சரளைப் படுகையில் குழி பறிக்கிறது. அதில் முட்டைகளைச் சொரியும் அதே கணத்தில் ஆண்மீன் அருகணைந்து விந்தைச் சொரிகிறது. பின்னர்ச் சற்று மேலே அடுத்த குழியைத் தோண்டும்போது, நீரோடு உருண்டுவரும் சரளை முதற்குழியை மூடிவிடுகிறது. ஒரு வினையில் இரு பயன்! இவ்வாறு ஏறத்தாழ 3,000 முட்டைகளை இடுகிறது. கல்லிடுக்குகளில் புகுந்தோடும் குளிர்நீரே கருவுக்கு உயிர்வளி தருவது. வண்டல் படிந்து அடைத்தால் கரு மடியும். சில நாள் குழியைக் காத்தபின் தாய் இறக்கிறது, தந்தையும் அவ்வாறே. இளவேனிலில் வெளிவரும் குஞ்சுகள் ஷுஸ்வாப் ஏரியில் ஓராண்டு வளர்ந்து கடலுக்குச் செல்கின்றன. பெரும்பாலும் நான்காம் ஆண்டில் மீள்கின்றன.

வழி அடைபட்டால் என்னாகும்? 1913-இல் இருப்புப்பாதை அமைக்க வெடிவைத்துத் தகர்த்த பாறைகள், ஹெல்ஸ் கேட் என்னும் இடுக்கில் பிரேசர் ஆற்றை நெருக்கின. 1914-இல் பாறைச்சரிவும் நேர்ந்தது. சீறிய நீரில் ஏற மாட்டாமல் இலட்சக்கணக்கான மீன்கள் வயிற்று முட்டைகளோடு மடிந்தன. அவற்றின் வழித்தோன்றல்கள் வரவேண்டிய 1917-இல் மீன்வளம் வெகுவாக வீழ்ந்தது. வெடிவைத்தவர்கள் முட்டையைத் தொடவேயில்லை என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நீரின் வேகத்தைத் தணிக்கும் மீன்வழிகள் அங்கே கட்டப்பட்டதோ 1940-களின் நடுப்பகுதியில்தான்.

2019-இல் அதே ஆற்றில், பிக் பார் என்னுமிடத்தருகே, மற்றொரு பாறைச்சரிவு கண்டறியப்பட்டது. அம்முறை எவரும் முப்பதாண்டு காத்திருக்கவில்லை. தடைபட்ட மீன்களைப் பிடித்து, ஹெலிகாப்டரில் தூக்கிச் சென்று மேலே விட்டனர்.