பேஸ்பால் உட்கார்ந்திருந்த நாற்காலி

1938-இல் ஓர் அமெரிக்கரிடம் உங்கள் நாட்டின் பெரிய விளையாட்டுகள் எவை என்று கேட்டிருந்தால், பேஸ்பால், குத்துச்சண்டை, குதிரைப் பந்தயம் என்று யோசிக்காமல் சொல்லியிருப்பார். அந்த ஆண்டு ஜூன் மாதம் நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் ஜோ லூயிஸ், ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங்கை 124 விநாடிகளில் சாய்த்தார். நாஜிகள் தங்கள் இனத்தின் பெருமையாகக் காட்டிக்கொண்ட மனிதரை ஒரு கறுப்பின இளைஞர் வீழ்த்தியதை வெள்ளை அமெரிக்காவும் தன் வெற்றியாகவே கொண்டாடியது. நவம்பரில் பால்டிமோரின் பிம்லிகோ மைதானத்தில் சீபிஸ்கட், வார் அட்மிரல் என்று இரண்டே குதிரைகள் ஓடின. அதை வானொலியில் கேட்டவர்கள் நான்கு கோடிப் பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். நாட்டின் மக்கள்தொகையே அப்போது 13 கோடிதான்.

தோள்கவசமும் தலைக்கவசமும் மாட்டிக்கொண்டு மோதும் அமெரிக்க ஃபுட்பாலை அந்த ஆள் நான்காவதாகச் சொல்லியிருக்கலாம். அதுவும் கல்லூரிகள் ஆடிய ஃபுட்பாலை மட்டும். படித்து முடித்த பிறகும் காசுக்காக முட்டிக்கொள்பவர்களை யார் மதிப்பார்கள்? இன்று என்.எஃப்.எல். என்று உலகம் அறிந்த தொழில்முறை லீக், 1920-இல் ஒஹையோவின் கேண்டன் என்ற சிறு நகரத்தில் ஒரு கார் விற்பனைக் கூடத்தில் பிறந்தது. வந்தவர்களுக்குப் போதுமான நாற்காலி இல்லை, கார்களின் பக்கப்படியில் உட்கார்ந்து பேசினோம் என்று அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜார்ஜ் ஹாலஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

நாற்காலி பேஸ்பாலிடம் இருந்தது. ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் முதல் வாரம் வரை ஓர் அணிக்கு 154 ஆட்டம். ஏறக்குறைய தினமும் ஆட்டம், அதுவும் பிற்பகலில். பெரிய லீகில் விளக்கு வெளிச்சத்தில் முதல் ஆட்டம் நடந்ததே 1935-இல்தான். சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு மைதானம் 1988 வரை விளக்கே போடாமல் அடம்பிடித்தது. நாட்டின் சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்டு சீரிஸ்கூட 1971 வரை பகலில்தான் நடந்தது. அந்த வாரத்தில் பள்ளிப் பிள்ளைகள் டிரான்சிஸ்டரைப் பைக்குள் ஒளித்துக் கொண்டுபோவார்கள். சில வாத்தியார்களே வகுப்பில் ரேடியோவைப் போட்டுவிடுவார்கள். மைதானங்கள் தெருக்களுக்கு நடுவே, வீடுகளுக்கும் கடைகளுக்கும் இடையில் நெருக்கிக்கொண்டு நின்றன. புரூக்ளின் டாட்ஜர்ஸ் வீரர்கள் பலர் அதே புரூக்ளினில் குடியிருந்தார்கள்.

சம்பளமும் அக்கம்பக்கத்தாரின் சம்பளத்துக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. பேப் ரூத் 1930-இல் 80,000 டாலர் வாங்கி, ஜனாதிபதி ஹூவரின் 75,000-ஐத் தாண்டியது உண்மை. ஆனால் அது விதிவிலக்கு. யாங்கீஸ் அணியின் யோகி பெர்ராவும் ஃபில் ரிஸுட்டோவும் ஆட்டம் இல்லாத மாதங்களில் நியூவர்க் நகரத்தில் ஒரு துணிக்கடையில் கோட்டு விற்றார்கள். பிட்ஸ்பர்க் அணியின் ரிச்சி ஹெப்னர் எழுபதுகளில்கூடக் குளிர்காலத்தில் கல்லறைக் குழி தோண்டப் போனார். 1967-இல் பெரிய லீக் வீரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 6,000 டாலர். இன்று அது ஏழு லட்சத்தைத் தாண்டிவிட்டது.

இதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட வேண்டாம். அந்த அழகான பிற்பகல்களில் 1947 வரை ஒரு கறுப்பின வீரருக்கும் இடமில்லை. எழுதாத ஒப்பந்தம் ஒன்று அறுபது ஆண்டுகள் கதவை அடைத்து வைத்திருந்தது. 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் புரூக்ளினில் களம் இறங்கியபோது நாடே அதைப் பற்றிப் பேசியது, ஏசியது, அழுதது. அவருக்கு முந்தைய ஆண்டே கென்னி வாஷிங்டனும் வுடி ஸ்ட்ரோடும் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்கு ஆடி, என்.எஃப்.எல்.லின் நிறத்தடையை உடைத்துவிட்டார்கள். அவர்கள் பெயரை இன்று அமெரிக்காவிலேயே எத்தனை பேர் சொல்வார்கள்? பார்க்க ஆளில்லாத வீட்டில் சுவர் இடிந்தால் சத்தம் தெருவுக்குக் கேட்காது.

ஒரு நாடு தன் சண்டைகளை எந்த மைதானத்தில் போடுகிறது என்று பார்த்தால் அந்தக் காலத்தின் பெரிய ஆட்டம் எது என்று தெரிந்துவிடும் என்பது என் எண்ணம். 1947-இல் அது பேஸ்பால். 1967-இல் முகம்மது அலி வியட்நாம் போருக்குப் போக மறுத்துப் பட்டத்தை இழந்தபோது அது குத்துச்சண்டை மேடை. 2016-இல் என்.எஃப்.எல். வீரர் காலின் கேப்பர்னிக் இனப் பாகுபாட்டை எதிர்த்துத் தேசிய கீதத்தின்போது மண்டியிட்டார். அடுத்த பருவத்தில் அவரை ஓர் அணியும் எடுக்கவில்லை. அப்போது அது ஃபுட்பால்.

இடம் எப்படிக் கைமாறியது? 1948-இல் கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் கேட்டபோது, பார்க்கப் பிடித்த விளையாட்டு பேஸ்பால் என்றவர்கள் 39 சதவீதம், ஃபுட்பால் என்றவர்கள் 17. 1972-இல் ஃபுட்பால் முந்திக்கொண்டது. 2023-இல் ஃபுட்பால் 41, பேஸ்பால் 10. நடுவில் வந்தது தொலைக்காட்சி. பேஸ்பால் காதுக்கு ஏற்ற ஆட்டம். மைதானம் அகன்றது, பந்து எங்கு போகும் என்று தெரியாது, இடைவெளியை வர்ணனையாளரின் கதை நிரப்பும். அன்றைய சின்னத் திரையில் அது எடுபடவில்லை. ஃபுட்பால் செவ்வக மைதானம், செவ்வகத் திரை. ஒவ்வொரு மோதலும் சில விநாடிகள், பிறகு அரை நிமிட ஓய்வு. 1963-இல் நடந்ததை உடனே திரும்பக் காட்டும் உத்தி வந்ததும் அந்த ஓய்வும் காட்சியாகிவிட்டது. மிஞ்சியது விளம்பரத்துக்கு. மூன்று மணி நேரம் ஒளிபரப்பாகும் ஆட்டத்தில் பந்து உண்மையில் உயிரோடு இருப்பது பதினோரு நிமிடம்தான் என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2010-இல் கணக்கெடுத்தது. இதைக் குறை என்று நினைப்பவர்களுக்கு வியாபாரம் தெரியாது.

1958 டிசம்பரில் பால்டிமோர் கோல்ட்ஸ், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியைக் கூடுதல் நேரத்தில் 23-17 என்று வென்ற இறுதியாட்டத்தைச் சுமார் நாலரைக் கோடிப் பேர் வீட்டில் பார்த்தார்கள். திருப்பம் அங்கே தொடங்கியது என்பார்கள். அதைவிட முக்கியமான வேலை 1961-இல் காகிதத்தில் நடந்தது என்பேன். லீகின் ஆணையர் பீட் ரொசெல், அணிகள் தனித்தனியே ஒளிபரப்பு உரிமையை விற்பதை நிறுத்தி, மொத்தமாக விற்றுச் சமமாகப் பங்கு போட வைத்தார். அதற்கு இடம்கொடுத்து அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. முதலாளித்துவத்தின் தலைநகரில் செழித்த பொதுவுடைமை இது. ஒரு லட்சத்துச் சொச்சம் மக்கள்தொகை உள்ள கிரீன் பே நகரத்தின் அணி, நியூயார்க் அணியோடு சரிசமமாக நிற்பது இதனால்தான். அந்த அணிக்குத் தனி முதலாளி கிடையாது. ஊர்க்காரர்களும் ரசிகர்களும்தான் பங்குதாரர்கள்.

ஃபுட்பாலின் பெரிய இறுதியாட்டத்துக்கு சூப்பர் பௌல் என்று பெயர். 1967 ஜனவரியில் நடந்த முதல் சூப்பர் பௌலுக்கு விலை உயர்ந்த டிக்கெட்டே 12 டாலர். அப்படியும் லாஸ் ஏஞ்சலஸ் மைதானத்தில் மூன்றில் ஒரு பங்கு காலி. இரண்டாம் பாதி தொடங்கியபோது அதை ஒளிபரப்பிய என்.பி.சி. தொலைக்காட்சி இன்னும் விளம்பரத்தில் இருந்தது. எனவே தொடக்க உதையை இன்னொரு முறை உதைக்கச் சொன்னார்கள். யார் யாருக்காக ஆடுகிறார்கள் என்பது அன்றே வெளிச்சமாகிவிட்டது. 2025 சூப்பர் பௌலைப் பார்த்தவர்கள் 12 கோடிக்கும் மேல். அதில் அரை நிமிட விளம்பரத்துக்கு 80 லட்சம் டாலர் வரை வாங்கினார்கள். 2023-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அதிகம் பேர் பார்த்த 100 நிகழ்ச்சிகளில் 93 என்.எஃப்.எல். ஆட்டங்கள். அரசியலால் இரண்டாகப் பிளந்து, எல்லோருக்கும் தனித்தனித் திரை இருக்கும் நாட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பார்ப்பதென்று மிஞ்சியது அநேகமாக இது ஒன்றுதான்.

குத்துச்சண்டையையும் தொலைக்காட்சிதான் தூக்கிவிட்டது; கவிழ்த்ததும் அதுதான். ஐம்பதுகளில் வாரத்தில் பல இரவுகள் இலவசமாகச் சண்டை பார்க்கலாம். அதனால் ஊர் ஊராக இருந்த சிறு அரங்குகள் வெறிச்சோடின; புது ஆட்கள் பயின்று வரும் வழி அடைபட்டது. பிறகு பெரிய சண்டைகள் கட்டணத் திரைக்குப் போயின. 2015-இல் மேவெதர், பக்கியாவ் மோதலை வீட்டில் பார்க்க 100 டாலர் வரை ஆனது. அதைப் பார்த்து வளர எந்தச் சிறுவனிடம் காசு இருக்கும்?

குதிரைப் பந்தயத்தின் கதை வேறு. மக்கள் குதிரைக்காக மட்டும் போகவில்லை. பல மாநிலங்களில் அப்போது சட்டப்படி பந்தயப் பணம் கட்டக்கூடிய ஒரே இடம் அதுதான். 1964-இல் நியூ ஹாம்ப்ஷயர் அரசு லாட்டரி தொடங்கியது, அடுத்தடுத்து மற்ற மாநிலங்கள், சூதாட்ட விடுதிகள். பந்தயத் திடல்கள் காலியாயின. மற்ற விளையாட்டுகளோ சூது என்றாலே நெருப்பை மிதித்ததுபோல் துள்ளின. 1919 வேர்ல்டு சீரிஸில் பணம் வாங்கித் தோற்ற குற்றச்சாட்டில் எட்டு சிகாகோ வீரர்கள், நீதிமன்றம் விடுவித்த பிறகும், வாழ்நாள் தடை பெற்றார்கள். 1989-இல் பந்தயம் கட்டியதற்காகப் பேஸ்பால் நட்சத்திரம் பீட் ரோஸ் வெளியேற்றப்பட்டார். 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு எதிரான பழைய தடைச் சட்டத்தை ரத்து செய்தது. மூன்றே ஆண்டில் என்.எஃப்.எல். பந்தய நிறுவனங்களோடு கைகோத்தது. சூதாட்ட நகரமான லாஸ் வேகஸின் பெயரையே தீண்டாமல் இருந்த லீக், அங்கே ஓர் அணியைக் குடியேற்றி, 2024 சூப்பர் பௌலையும் அங்கேயே நடத்தியது. இப்போது முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் பெரும்பாலும் கைப்பேசியிலேயே பணம் கட்டலாம். யார் ஜெயிப்பார் என்று மட்டுமல்ல, அடுத்த பந்து என்ன ஆகும் என்றும். குதிரைப் பந்தயம் செத்துவிட்டது என்று எழுதுகிறார்கள். செத்ததாக எனக்குத் தெரியவில்லை. எல்லா ஆட்டத்துக்குள்ளும் புகுந்துகொண்டது.

ஃபுட்பாலின் விலை உடம்பில் தெரிகிறது. பிட்ஸ்பர்க் வீரர் மைக் வெப்ஸ்டர் 2002-இல் தன் 50-ஆவது வயதில் நிலைகுலைந்து இறந்தார். அவர் மூளையை ஆராய்ந்த மருத்துவர் பென்னட் ஒமாலு, தொடர் மோதலின் சிதைவைக் கண்டார். லீக் முதலில் மறுத்தது. பிறகு முன்னாள் வீரர்களுக்குப் பெருந்தொகை இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. பல பெற்றோர் பிள்ளைகளை ஃபுட்பாலுக்கு அனுப்பத் தயங்குகிறார்கள். அதே பெற்றோர் ஞாயிற்றுக்கிழமை டிவியை அணைப்பதில்லை.

சந்தேகமில்லாமல் நல்லது என்று சொல்லக்கூடிய மாற்றம் பெண்கள் பக்கம் நடந்தது. 1972-இல் கல்வியில் பால் பேதம் கூடாது என்ற சட்டம் வந்தபோது உயர்நிலைப் பள்ளி அணிகளில் ஆடிய பெண்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. இன்று முப்பது லட்சத்துக்கும் மேல். 2024-இல் கெய்ட்லின் கிளார்க் ஆடிய கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து இறுதியாட்டத்தை, ஆண்கள் இறுதியாட்டத்தைவிட அதிகம் பேர் பார்த்தார்கள். அந்தச் சட்டத்தை எழுதியவர்களே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

பேஸ்பால் ஒழிந்துவிடவில்லை. ஆண்டுக்கு ஏழு கோடி டிக்கெட் இன்றும் விற்கிறது. ஆனால் அது இன்று ஊர் ஆட்டம். அவரவர் அணியோடு சரி. கறுப்பின அமெரிக்க வீரர்கள் இப்போது ஆறு சதவீதம் அளவுக்குக் குறைந்துவிட்டார்கள். அந்த இடத்தில் டொமினிக்கன் குடியரசிலிருந்தும் வெனிசுவேலாவிலிருந்தும் வந்தவர்கள் நிற்கிறார்கள். முன்வரிசையில் 70 கோடி டாலர் ஒப்பந்தத்தோடு ஜப்பானின் ஷோஹே ஒதானி. மைதானமே கைமாறியதும் உண்டு: டல்லாஸ் அருகே கிராண்ட் பிரெய்ரியில் ஒரு பேஸ்பால் மைதானத்தையே கிரிக்கெட் மைதானமாக மாற்றிவிட்டார்கள். 2023 முதல் சென்னை சூப்பர் கிங்ஸின் தம்பி அணியான டெக்சாஸ் சூப்பர் கிங்ஸ் மஞ்சள் சட்டையில் அங்கே ஆடுகிறது. 2024-இல் டி20 உலகக் கோப்பையில் அமெரிக்கா பாகிஸ்தானைச் சூப்பர் ஓவரில் வென்றதும் அங்கேதான்.

கடைசியில் பேஸ்பாலும் இறங்கி வந்தது. கடிகாரமே இல்லாத ஆட்டம் என்று நூறாண்டுகளாகப் பெருமை பேசியது, 2023-இல் பந்து வீசுபவருக்குக் கடிகாரம் வைத்தது: ஓடுவதற்குத் தளங்களில் ஆள் யாரும் நிற்காவிட்டால் 15 விநாடிக்குள் வீச வேண்டும். மூன்று மணி நேரத்தைத் தாண்டிக்கொண்டிருந்த ஆட்டம் சராசரியாக 2 மணி 40 நிமிடத்துக்குச் சுருங்கியது. மரபு போச்சு என்று புலம்பியவர்கள் சில வாரங்களில் பழகிக்கொண்டார்கள். அணி முதலாளிகளுக்குத்தான் வேறு கவலை. ஏழாவது இன்னிங்ஸோடு பீர் விற்பனையை நிறுத்துவது பல மைதானங்களில் வழக்கம். அந்த இன்னிங்ஸ் இப்போது சீக்கிரமே வந்துவிடுகிறது. 2023 ஏப்ரலிலேயே சில அணிகள் எட்டாவது இன்னிங்ஸ் வரை விற்க ஆரம்பித்துவிட்டன.